கல்லீரலைப் பார்க்க வந்த குழந்தையின் எலும்பு

குழந்தைகள் கல்லீரல் பிரிவில் டயட்டீசியனாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நாங்கள் சொல்லும் முதல் விஷயமே வீட்டுப் பெரியவர்கள் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கும். மஞ்சள் காமாலை என்று காதில் விழுந்ததுமே எண்ணெயை நிறுத்திவிடுவார்கள். தாளிப்பு கிடையாது, நெய் கிடையாது, உப்பில்லாக் கஞ்சியும் மோர் சாதமும்தான். கூடவே கீழாநெல்லி. கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். அந்தச் சில வாரம் பத்தியம் இருந்தால் பெரிய கேடு வராது. ஆனால் எங்களிடம் வருவது பிறந்ததிலிருந்தே பித்தம் குடலுக்கு இறங்காத குழந்தை. அதற்குப் பத்தியம் மாதக்கணக்கில் நடக்கிறது. அதன் விளைவு எலும்பில்தான் போய்த் தெரியும்.

எப்படி என்று பெற்றோருக்கு நான் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கொழுப்பைக் கரைத்து உடம்பில் ஏற்றப் பித்தம் வேண்டும். பிலியரி அட்ரீசியா போன்ற நோய்களில் பித்தக்குழாய் அடைபட்டுவிடுவதால், கொழுப்பும் அதில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் மலத்தோடு போய்விடுகின்றன. வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் சரியாக உள்ளே ஏறாது. போதாக்குறைக்கு, செரிக்காமல் குடலில் நிற்கும் கொழுப்பு இருக்கிற கால்சியத்தையும் பிடித்துக்கொண்டு வெளியேறும். வைட்டமின் கே என்றால் ரத்தம் உறைவது மட்டும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எலும்பில் உள்ள ஒரு முக்கியமான புரதம் வேலை செய்யவும் அது தேவை. இத்தனையும் எலும்பு வேகமாக வளர வேண்டிய முதல் இரண்டு வருடத்தில் நடக்கிறது.

ஆனால் ஃபைலில் எல்லோரும் முதலில் புரட்டுவது காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் எண்ணைத்தான். அப்பாக்கள் அதை மொபைலில் குறித்து வைத்திருப்பார்கள், தேதியோடு. எலும்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் ரத்தப் பரிசோதனையும் இந்த இடத்தில் சரியாகக் காட்டிக்கொடுக்காது. வளரும் எலும்பு உறுதியாகாமல் போகும் ரிக்கெட்ஸ் வந்தால் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ரத்தத்தில் ஏறும். பித்தம் தேங்கினாலும் அதே ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்தான் ஏறும். எது எதனால் என்று அந்த ஓர் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. மொத்தக் கால்சியமும் அப்படித்தான். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தால் அதுவும் குறைவாகத் தெரியும், புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் அயனைஸ்டு கால்சியம் பார்த்தால்தான் நிலவரம் புரியும். எடையை நம்பவே கூடாது. வீங்கிய கல்லீரலும் மண்ணீரலும் வயிற்று நீரும் சேர்ந்து குழந்தையைக் கனமாகக் காட்டும். அதனால் நான் மேல்கைச் சுற்றளவு எடுக்கும் நாடாவைத்தான் நம்புகிறேன். எடை ஏறி, கை மெலிந்துகொண்டே போகிற குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

எலும்புச் சிக்கல் பெரும்பாலும் வேறு எதையோ தேடும்போதுதான் கண்ணில் படும். சளி என்று நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் விலா எலும்பு ஒன்றிரண்டு உடைந்து, ஆறிய தடம் தெரியும். குழந்தை விழவே இல்லை, யாரும் அடிக்கவும் இல்லை. இந்த நோயில் இப்படி நடக்கும் என்று தெரியாத இடத்தில் இதைப் பார்த்தால் சந்தேகம் பெற்றோர் மேல் திரும்பும். வேறோர் ஊரில் அப்படி ஒரு விசாரணைக்கு ஆளாகிவிட்டு எங்களிடம் வந்த ஒரு தாய், நான் டயட் சார்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: “மேடம், நான் அவன எதுவும் பண்ணலன்னு இதுல எழுதித் தருவீங்களா?” டயட் சார்ட்டில் அதை எழுத இடமில்லை. டாக்டரிடம் சொல்லி டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத வைத்தோம்.

அந்தக் குழந்தையின் மணிக்கட்டு எக்ஸ்ரே எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எலும்பின் நுனி நேர்கோடாக முடிய வேண்டிய இடத்தில் குழிந்து, ஓரம் நைந்த துணி மாதிரி பிரிந்து கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மணிக்கட்டு கொஞ்சம் தடித்திருக்கும், அவ்வளவுதான். “கை கொழுகொழுன்னு இருக்கு” என்றுதான் வீட்டில் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட குழந்தையைத் தூக்குவதே ஒரு பாடம். எங்கள் பிரிவு நர்ஸ்கள் பொம்மையை வைத்துக் காட்டுவார்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும், இன்னொரு கை இடுப்புக்கு அடியில். டயப்பர் மாற்றும்போது இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குவது எல்லோருக்கும் பழக்கம், அதுவும் வேண்டாம். பெரிய சவால் பாட்டிகள்தான். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் நீவி இழுத்துக் குளிப்பாட்டினால்தான் அவர்களுக்குக் குளிப்பாட்டிய மாதிரி. “நாலு புள்ள வளத்தவ நான், எனக்குச் சொல்லித் தர்றியா கண்ணு?” என்பார்கள். பாட்டியை விட்டுவிட்டு அம்மாவிடம் மட்டும் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அதனால் இப்போதெல்லாம் குளிப்பாட்டுகிறவர் யார் என்று கேட்டு, அவரை வரச் சொல்லித்தான் பேசுகிறேன். எண்ணெய் தேய்க்கட்டும், இழுப்பதும் முறுக்குவதும் வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்வார்கள்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். எம்.சி.டி. எண்ணெய் என்று ஒன்று இருக்கிறது. அதன் கொழுப்பு பித்தத்தை அதிகம் எதிர்பார்க்காமல் நேராக ரத்தத்தில் ஏறிவிடும். விலைதான் கையைக் கடிக்கும். அதைச் சுட வைத்துத் தாளிக்கக் கூடாது, சமைத்து இறக்கிய கஞ்சியிலோ பருப்புச் சாதத்திலோ கலக்க வேண்டும். வாங்க முடியாதவர்களுக்குத் தேங்காய் எண்ணெய். அதிலும் இந்த வகைக் கொழுப்பு ஓரளவு உண்டு, முழு ஈடு இல்லை. அதே சமயம் கொழுப்பு மொத்தத்தையும் எம்.சி.டி.யாக மாற்றிவிடவும் கூடாது, உடம்புக்கு அவசியமான கொழுப்பு அமிலங்கள் அதில் இல்லை. இந்தக் குழந்தைகளுக்குச் சாதாரணக் குழந்தையைவிட மூன்றில் ஒரு பங்காவது கலோரி கூடுதலாகத் தேவைப்படும். புரதத்தையும் வீணாகக் குறைக்கக் கூடாது. கால்சியத்துக்கு ராகி இருக்கிறது, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் வைட்டமின் டி சரியாகாமல் ராகிக்கூழை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் பெரிதாக ஒன்றும் சேராது.

வைட்டமின் டி சொட்டு மருந்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. கடையில் ஒரு மில்லிக்கு 400 யூனிட்டும் கிடைக்கிறது, 800 யூனிட்டும் கிடைக்கிறது, பெட்டி ஏறக்குறைய ஒரே மாதிரி. ‘ஒரு மில்லி’ என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தால் போகும் டோஸ் கடைக்காரர் கையில் இருக்கிறது. அதனால் பாட்டிலையே எடுத்துவரச் சொல்கிறேன். பித்தம் தேங்குவதால் வரும் அரிப்புக்குக் கொலஸ்டிரமின் தூள் கொடுக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். அது பித்த அமிலத்தைப் பிடிப்பதோடு வைட்டமின்களையும் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் வைட்டமின் கொடுத்தும் வீண், சில மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எவ்வளவு சரியாகக் கொடுத்தாலும் சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் அளவு ஏறாது, அப்போது ஊசிதான்.

வெயிலைப் பற்றியும் கேட்பார்கள். காமாலைக் குழந்தையைக் காலை இளவெயிலில் காட்டுவது நம் வழக்கம். வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அந்த நேரத்து வெயிலில் மிகக் குறைவு, வெயில் ஏறியபிறகுதான் அதிகம். சென்னையில் வெயில் ஏறிய நேரத்துக்குக் கைக்குழந்தையை வெளியே கொண்டுபோகச் சொல்ல எனக்கே மனம் வராது. அதனால் வெயிலைக் கூடுதல் வரவாக வைத்துக்கொள்ளுங்கள், சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள் என்பதோடு விட்டுவிடுவேன்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளில் எலும்பு வேறு வழியில் கதவைத் தட்டும். உடம்பில் செம்பு சேர்ந்துகொண்டே போகும் வில்சன் நோயில் அது சிறுநீரகத்திலும் படிந்து பாஸ்பேட்டை வெளியேற்ற ஆரம்பித்தால், முட்டி தட்டுகிறது, கால் வலிக்கிறது என்று முதலில் எலும்பு டாக்டரிடம்தான் போவார்கள். அங்கிருந்து கல்லீரலுக்கு வந்து சேர நாளாகும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் ஹெப்படைட்டிஸுக்குத் தரும் ஸ்டீராய்டு கல்லீரலைக் காப்பாற்றும், எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஸ்டீராய்டை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். வயதுக்கு ஒப்பிடும் இசட் ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும், பெரியவர்களுக்கான டி ஸ்கோரை அல்ல. குள்ளமான பிள்ளைக்கு ஸ்கேன் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும் என்பதையும் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறும் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும்.

மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும்போது, 1998இல் டெல்லியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று நடந்தது ஒரு காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத்தான், நோய் இதே பிலியரி அட்ரீசியா, அப்பா கொடுத்த கல்லீரல், பிள்ளை வளர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார் என்று சொல்வேன். முகம் தெளியும். ஆனால் ஆபரேஷன் முடிந்த மறுநாளே எலும்பு கெட்டியாகிவிடாது என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன். முதல் சில மாதங்களில் ஸ்டீராய்டும் படுக்கையும் சேர்ந்து எலும்பு இன்னும் கொஞ்சம் இளைக்கும். அதன்பிறகுதான் தேறும், பெரும்பாலும் நன்றாகவே தேறும்.

தேறுவதற்கு நடமாட்டம் வேண்டும். இடுப்பை விட்டு இறக்கவே பயப்படும் அம்மாக்களிடம் தரையில் விடுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. போன மாதம் செக்கப்புக்கு வந்த ஓர் அப்பா சைக்கிள் வாங்கித் தரலாமா என்று கேட்டார். விழுந்தால் வீங்கிய மண்ணீரலில் அடிபடும், அது எந்த அளவில் இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள் என்றேன். பையன் கலரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.