மாவனல்லா காப்பகத்தில் ஒரு முற்பகல்

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்குப் போகும் பஸ் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது. தேயிலையும் குளிரும் மேலேயே நின்றுவிட, கீழே முட்புதர்க்காடு. மாவனல்லாவில் உள்ள விலங்குகள் காப்பகம் இங்கேதான் இருக்கிறது.

நான் போனபோது ஒரு மட்டக்குதிரைக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தார்கள். அதன் முன்காலை மடக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கியிருந்த அண்ணன், வளைந்த கத்தியால் ஓரத்தைச் சன்னமாகச் செதுக்கினார். உள்ளே கறுத்து, நாற்றமெடுத்த ஒரு குழி. "சேற்றிலேயே நின்றால் இப்படித்தான் அழுகிப்போகும்மா" என்றார். குதிரை காதை மட்டும் ஆட்டியது. சவாரிக்கு உதவாமல் போனதும் தெருவில் விடப்பட்டு, குப்பையில் மேயும் குதிரைகளை ஊட்டிக்குப் போகிற எல்லோரும் பார்த்திருப்போம். ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட நமக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனாலும், காப்பகங்களின் பெரிய வேலை வேலிக்கு வெளியேதான் என்பேன். தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியில் சிறு வெட்டு அடையாளம் வைத்து, பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். ஏன் அங்கேயே? ஒரு நாயை அகற்றினால் அந்தக் குப்பைமேட்டுக்கு ஊசி போடாத இன்னொன்று வந்துவிடும். பத்தில் ஏழு நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவ வழியில்லாமல் அடங்கும். இந்தக் கருத்தடை அறுவை சிகிச்சையைக் கால்நடை மருத்துவர்களுக்குக் கற்றுத்தரும் பன்னாட்டுப் பயிற்சி மையமும் நீலகிரியிலேயே இயங்குகிறது.

இந்த மலைக்கும் வெறிநோய்க்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்தார். அப்போது இந்தியாவில் சிகிச்சை கிடைத்த இடம் தொலைதூர இமயமலையின் கசௌலி. அந்தச் சாவுக்குப் பிறகு எழுந்த முயற்சியில்தான் குன்னூரில், வெறிநோய்க்குச் சிகிச்சை தரும் பாஸ்டர் நிறுவனம் 1907இல் திறக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியை நம் தாத்தா பாட்டிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்து பல காலம் அங்கே தயாரானது. மனிதனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றிய மலை, இன்று நாய்க்கே போட்டு நோயை முளையிலேயே தடுக்கிறது. இரண்டும் ஒரே வேலை என்றே எனக்குப் படுகிறது.

கிளம்பும்போது அங்கிருந்த டாக்டரம்மா ஒன்றை அழுத்திச் சொன்னார்: நாய் கடித்தால் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசிக்கு அங்கே காசு கிடையாது.