அம்மா எங்க நிண்டு தண்ணி அள்ளுவா?

அந்தக் கவிதையைச் சுருக்கியதற்கு என்னிடம் இருந்த காரணங்கள் சரியானவை என்றே இன்றும் நினைக்கிறேன். வீட்டைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் யாழ்ப்பாணத்தில் எழுதப்படும் கவிதைகளை வாரப் பதிப்பின் இலக்கியப் பக்கத்துக்காகப் பல வருடங்களாகப் படித்து வருபவன் நான். முற்றத்து வேம்பும் அம்மம்மாவின் சேலை வாசமும் நிலாச்சோறும் எத்தனை வீடுகளை ஒரே வீடாக்கிவிடுகின்றன என்பது எனக்குத் தெரியும். பொருள்களின் பெயர்களை அடுக்கிவிட்டால் நினைவு வந்துவிடாது என்று, புதிதாக எழுத வருகிற பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட குடும்பம். கவிதையின் பெரும்பகுதி காணி உறுதி போலவே நடந்தது: வடக்கே ஒழுங்கை, கிழக்கே பெரியையாவின் வளவு, தெற்கே கிளுவை வேலி. பிறகு தலைவாசல், அறைகள், குசினி, குசினியின் பின்சுவரில் அக்கா கரியால் எழுதிவைத்த பால் கணக்கு, எலுமிச்சையின் கீழ் அப்பு கத்தி தீட்டும் கல். கடைசி எட்டு வரிகளில்தான் அம்மா வந்தார். விடியுமுன் அவர் தண்ணீர் அள்ளும் கப்பிச் சத்தம் கேட்கிறது. உள்ளே ஒரு பிள்ளை இருமினால் அந்தச் சத்தம் நின்று, இருமல் அடங்கிய பிறகு மறுபடி தொடங்குகிறது. அந்த எட்டு வரிகளுக்கு ஈடாக எதையும் அந்தப் பக்கத்தில் நான் அதுவரை போட்டதில்லை.

தொலைபேசியில் அதைத்தான் சொன்னேன். "ரீச்சர், கடைசிப் பகுதியே முழுக் கவிதை. மேல உள்ளதை எடுத்தால் இன்னும் இறுக்கமாய் வரும்." பாரி மகளிரின் புறநானூற்றுப் பாடலையும் துணைக்கு அழைத்தேன். தந்தையையும் குன்றையும் ஒருங்கே இழந்தவர்கள் ஐந்தே வரிகளில் இரண்டு நிலவுகளை வைத்து முடித்துவிட்டார்கள். பறம்பில் நின்ற மரங்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. அவர் அந்தப் பாடலை வகுப்பில் எத்தனையோ முறை படிப்பித்திருப்பார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அது சரி தம்பி. ஆனா அதையெல்லாம் எடுத்தா அம்மா எங்க நிண்டு தண்ணி அள்ளுவா?"

வாசிக்கிறவர்கள் தங்கள் தங்கள் கிணற்றடியை நினைத்துக்கொள்வார்கள் என்றேன்.

"ஓம், அவைக்குக் கிணறு இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிச் செய்யுங்கோ."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுத்திருக்க முடியும்? பிரசுரமான எட்டு வரிகளைப் பலர் பாராட்டினார்கள். அவருக்கே நேரில் சொன்னவர்களும் உண்டு. வெட்டாமல் போட்டிருந்தால் பாதி வாசகர் தென்மேற்கு மூலையைத் தாண்டியிருக்க மாட்டார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கையெழுத்துப் பிரதியைத் திருப்பி வாங்க அவர் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் மற்றதைச் சொன்னார். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து காணி விடுபட்ட பிறகு சகோதரங்கள் எல்லாருமாகப் போயிருக்கிறார்கள். சுவரும் இல்லை, அத்திவாரமும் இல்லை, கிணறு தூர்க்கப்பட்டிருந்தது. எங்கே இருந்தது என்பதில் ஆளுக்கொரு இடத்தைக் காட்டி அவர்கள் முரண்பட்டிருக்கிறார்கள். அன்றிரவே எழுதத் தொடங்கியதாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். பிறகு ஒன்றும் அனுப்பவில்லை.

பாரி மகளிரை அழைத்த நான் கபிலரை ஏன் மறந்தேன் என்று அதற்குப் பிறகு யோசித்திருக்கிறேன். பாரி இறந்தபின் அந்தப் பெண்களுக்குத் துணையாக நின்றவர் அவர். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியவரும் அவரே. அந்த வரிகளை எடுத்துவிடச் சொல்ல எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் வாய் வராது. ஆனால் அந்தப் பூக்கள் பெண்கள் கொய்து பாறையில் குவித்து விளையாடியவை. அங்கே அடுக்குவதே ஆனந்தம். ரீச்சரின் பட்டியலில் அந்த ஓட்டம் இல்லை. இப்படி நான் வாதிடும்போதே, ஓட்டம் இருக்க வேண்டும் என்று அவரிடம் யார் கேட்டது என்ற கேள்வியும் எழுகிறது. அவருக்கு வேண்டியிருந்தது சகோதரங்கள் பார்த்துச் சரியென்று சொல்லக்கூடிய ஒரு வீடு. அதற்குக் கவிதை உரிய இடமா என்றால், உறுதியிலும் நில அளவைப் படத்திலும் பால் கணக்கும் கத்தி தீட்டும் கல்லும் இருக்காதே.

அண்மையில் மயிலிட்டிப் பக்கத்திலிருந்து அப்படி ஒன்று வந்தது. எல்லைகள், மரங்கள், யார் எந்த அறையில் படுத்தது என்று நீண்டுகொண்டே போகும் கவிதை. அதில் கப்பிச் சத்தம் போல ஒன்றும் இல்லை. ஒரு வரியையும் தொடாமல் போட்டேன். இடம் போதாமல் பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தியின் கவிதையை அடுத்த கிழமைக்குத் தள்ளினேன். இரண்டில் நல்ல கவிதை அவளுடையதுதான். அதிலும் வெட்ட வேண்டிய நான்கு வரிகள் இருக்கின்றன, அதை அவளிடம் சொல்லத்தான் போகிறேன்.