அந்த -1

ராத்திரி பதினோரு மணி, செல்லூர். மொட்டைமாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மைய நிரல்) சோதனைக்காகப் பிழையை உண்டாக்கும் ஃபால்ட் இன்ஜெக்ஷனுக்கான பேட்ச் (நிரல் திருத்தம்) ஒன்றை வரிவரியாகப் பார்க்கிறேன். 2007-ல் வந்த கெர்னல் பதிப்பு 2.6.20-லிருந்தே இருக்கிற வசதி. மெமரி கேட்கிற நிரலுக்கு வேண்டுமென்றே கைவிரிக்கும். அதன் ப்ராபபிலிட்டி அமைப்பில் 10 என்றால் நூற்றுக்குச் சுமார் பத்துத் தடவை. மொத்தம் எத்தனை தடவை கைவிரிக்கலாம் என்று சொல்கிற டைம்ஸ் -1 என்றால் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை.

தம்பி அனுப்பிய பேட்சில் அந்த டைம்ஸை அன்சைன்டாக (மைனஸ் எண் ஏற்காத வகையாக) மாற்றியிருந்தான். -1 உள்ளேயே போகாது! கெர்னலில் ஏற்கெனவே ஒருமுறை இதே -1-ஐ ஏற்காமல் போய், பிறகு திருத்தினார்கள். எத்தனை பேருடைய டெஸ்ட் ஸ்கிரிப்ட் அந்த ஒற்றை எண்ணை நம்பி ஓடுகிறது!

போன் போட்டேன். "அண்ணே, வார்னிங் வந்துச்சுண்ணே, அதான் மாத்துனேன்" என்றான். "வார்னிங்கை வேற வழியில பார்ப்போம்ப்பா, -1 எழுதிப் பாக்குற டெஸ்ட் ஒண்ணு சேர்த்து அனுப்பு" என்றேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான். வந்ததும் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.