107 போதவில்லை

எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நோட்டுத் தாள் ஒட்டியிருக்கும். இடப்பக்கம் நாட்ஸ் கவுண்டி, வலப்பக்கம் ரெக்ஸம், இரண்டும் கால்பந்து கிளப்புகள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பழைய எண்ணை அடித்துவிட்டு, புதிய புள்ளிக் கணக்கைப் பென்சிலில் எழுதுவார். 2022 ஆகஸ்டில் ஒட்டியது. அடித்து அடித்து எழுதியதில் பிப்ரவரியிலேயே இடமில்லாமல் போய், கீழே இன்னொரு துண்டுத் தாளை ஒட்டுப் போட்டார்.

நான் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமுக்குப் படிக்க வந்தது 2019 செப்டம்பரில். இப்போது ஆஸ்பத்திரி லேபில் ஷிஃப்ட் வேலை. ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம். கடலுக்குப் போகாத நேரமெல்லாம் பந்து உதைக்கிற ஊர். இங்கே வந்த புதிதில் எல்லாரையும் போல ஊரின் இன்னொரு கிளப்பான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் டிக்கெட்டுக்குத்தான் அலைந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தாத்தா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "ஆற்றைத் தாண்டாதே டக்," என்றார். டக் என்றால் வாத்துதான். இந்த ஊரில் பஸ் டிரைவரிலிருந்து கடைக்காரம்மா வரை எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் எனக்குக் கோபம் வந்தது உண்மை.

அவர் சொன்ன ஆறு ட்ரென்ட். அந்தக் கரையில் ஃபாரஸ்டின் சிட்டி கிரவுண்ட், இந்தக் கரையில் நாட்ஸ் கவுண்டியின் மெடோ லேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் வழியே நடந்தே போய்விடலாம். நாட்ஸ் கவுண்டி 1862ல் தொடங்கியது. தொழில்முறைக் கால்பந்து கிளப்புகளில் உலகிலேயே பழையது. இத்தாலியின் யுவென்டஸ் கிளப் போடுகிற கறுப்பு வெள்ளைக் கோடு இவர்களுடையதுதான். 1903ல் இங்கிருந்து போன சட்டைகள். 2011ல் புது ஸ்டேடியம் திறந்தபோது யுவென்டஸ்காரர்கள் மறக்காமல் இவர்களைக் கூப்பிட்டு ஒரு நட்பு ஆட்டம் ஆடினார்கள். இதையெல்லாம் தாத்தா என்னிடம் குறைந்தது நாற்பது தடவை சொல்லியிருப்பார்.

நான் வந்து இறங்குவதற்கு நாலு மாதம் முன்புதான் அந்தக் கிளப் கீழே விழுந்திருந்தது. இங்கிலாந்தில் மேலே இருக்கிற நாலு லீக்குகளில் மொத்தம் 92 கிளப்புகள். அதற்குக் கீழே இருக்கிற எல்லாமே 'நான்-லீக்'தான். நேஷனல் லீக் அதன் முதல் படி. அதிலிருந்து கீழே இறங்க இறங்க எலக்ட்ரீஷியன்களும் பள்ளி ஆசிரியர்களும் வேலை முடித்துவிட்டு வந்து ஆடுகிற மைதானங்கள். 157 வருஷத்தில் முதல் தடவையாக நாட்ஸ் கவுண்டி அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே வந்தது 2019 மேயில்.

ஏறுவதற்கு மூன்று வருஷம் முட்டினார்கள். 2020ல் பிளே ஆஃப் என்கிற தகுதி ஆட்டங்களில் லண்டன் வெம்ப்ளியில் நடக்கிற இறுதி வரை போய், ஆளே இல்லாத ஸ்டேடியத்தில் ஹாரோகேட்டிடம் 3-1 தோல்வி. அடுத்த வருஷம் டார்கீயிடம் அரையிறுதியில். 2022 மேயில் மெடோ லேனிலேயே கிரிம்ஸ்பியிடம் எக்ஸ்ட்ரா டைமில் 2-1. அதே வாரக் கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் பிரீமியர் லீக்குக்குப் போனார்கள். ஊர் முழுக்க ஹாரன் சத்தம். தாத்தா ஜன்னலைச் சாத்திக்கொண்டு தோட்டக் கத்தரியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் பிறகு வந்தது 2022-23.

புது மேனேஜர் லூக் வில்லியம்ஸ். கோல்கீப்பரிலிருந்தே குட்டிக் குட்டி பாஸாகக் கட்டிக்கொண்டு வருகிற ஆட்டம். 'தூக்கி அடிடா' என்று கத்தியே பழகிய ஸ்டாண்டுக்கு முதலில் வயிற்றைக் கலக்கியது. கேட்ஸ்ஹெட்டிலிருந்து இரண்டு ஃபார்வர்டுகள் வந்தார்கள், மெக்காலே லாங்ஸ்டாஃப், செட்வின் ஸ்காட். லாங்ஸ்டாஃப் அந்த சீசனில் லீக்கில் மட்டும் 42 கோல் போட்டார். நேஷனல் லீக்கில் அதற்கு முன் யாரும் ஒரு சீசனில் அத்தனை போட்டதில்லை. ஓடுவதே தெரியாது. ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிற்பார். பந்து வரும்போது மட்டும் அது விழுகிற இடத்தில் இருப்பார்.

எனக்கு ஷிஃப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் தாத்தாவோடு நடந்தே போவேன். இந்த ஊருக்கென்று ஒரு தின்பண்டம் உண்டு. வேகவைத்து மசித்த பட்டாணி, அதன் மேல் புதினா சாஸ். முதல் தடவை கப்பில் வாங்கிக் கொடுத்தபோது, நம்ம ஊர் பீச்சில் சுண்டலுக்குப் புதினா சட்னி ஊற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புளிக்கும், இனிக்கும். ஜனவரிக் குளிரில் கையைச் சூடாக்கிக்கொள்ள அதைவிட நல்லது வேறில்லை. பட்டாணி தீர்ந்த பிறகும் கப்பை விடமாட்டேன்.

அக்டோபரில் ரெக்ஸம் மெடோ லேனுக்கு வந்தது. ஹாலிவுட் நடிகர் ரையன் ரெனால்ட்ஸும் ராப் மெக்கெல்ஹென்னியும் 2021ல் வாங்கிய வேல்ஸ் நாட்டுக் கிளப். காசும் கேமராவும் கூடவே வரும். 1-0க்கு ஜெயித்தோம். தாளில் இடப்பக்கம் மூன்று கூடியது. அதற்குப் பிறகு இரண்டு பேருமே தோற்பதை மறந்துவிட்டார்கள். ஒருவர் ஐந்து கோல் போட்டால் இன்னொருவர் ஆறு. மார்ச்சில் கிளப்பின் தலைமை நிர்வாகி ஜேசன் டர்னர் திடீரென்று இறந்துபோனார். தாளைப் பற்றிப் பேசாத வாரம் அது ஒன்றுதான்.

ஏப்ரல் 10, ஈஸ்டர் திங்கள். இரண்டு அணியும் சரியாக 100 புள்ளி. ஆட்டம் ரெக்ஸமில். டிக்கெட் கனவில்கூடக் கிடைக்காது. தாத்தா வீட்டு டிவியில் பார்த்தோம். ஜான் பாஸ்டாக்கின் ஃப்ரீ கிக்கில் நாங்கள் முதலில் முன்னே போனோம். பிறகு அவர்கள் இரண்டு, நாங்கள் ஒன்று, அவர்கள் இன்னொன்று. 3-2. 90 நிமிஷத்துக்கு மேல் சேர்த்த நேரமும் முடியப்போகிறது, எங்களுக்குப் பெனால்ட்டி. பந்தை வைத்தவர் ஸ்காட். எதிரே பென் ஃபாஸ்டர். நாற்பது வயது. ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவரைச் சில வாரங்களுக்கு முன்தான் ரெக்ஸம் கூட்டிவந்திருந்தது. பாய்ந்து தட்டிவிட்டார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். தாத்தா எதுவும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கெட்டிலைப் போட்டார். தண்ணீர் கொதிக்கும்வரை ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று, வலப்பக்கம் 100ஐ அடித்து 103 என்று எழுதினார். எழுத்து எப்போதும் போலவே நேராக இருந்தது. "சின்னப் பையன், பாவம்," என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் ரெக்ஸம் 111, நாங்கள் 107. அந்த லீக்கில் அதுவரை இருந்த சாதனையே 105தான். இரண்டாம் இடத்துக்காரனே அதை முறியடித்திருக்கிறான். 46 ஆட்டத்தில் மூன்றே தோல்வி, 117 கோல். ரெக்ஸமைவிட ஒன்று அதிகம். ஆனாலும் மேலே போக முடியாது. நேஷனல் லீக்கிலிருந்து நேராக ஏறுவது ஒரே ஒரு அணி. இரண்டிலிருந்து ஏழு வரை வந்தவர்கள் பிளே ஆஃப் ஆடி அதில் ஒருவர். ஒரு படி மேலே லீக் டூவிலிருந்து மொத்தம் நாலு பேர் ஏறுகிறார்கள், அதில் மூன்று பேர் நேராக. தங்களுக்குப் பின்னால் வாசலைச் சாத்திக்கொள்கிற வேலை இது. வேறென்ன சொல்வது? மூன்று பேரையாவது ஏற்றுங்கள் என்று நேஷனல் லீக் கிளப்புகள் 2025ல் ஒன்றுசேர்ந்து கேட்டன. எங்களுக்கு 23 புள்ளி பின்னால் வந்த செஸ்டர்ஃபீல்டும் நாங்களும் ஒரே வரிசையில் நின்றோம்.

மே 7, பிளே ஆஃப் அரையிறுதி, போர்ஹம் வுட் அணியோடு. இடைவேளைக்குள் 0-2. பக்கத்தில் இருந்தவர் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். இடைவேளைக்குப் பிறகு ஏடன் பால்ட்வின் ஒன்று போட்டார். ஆட்டம் முடிகிற நேரத்தில் அவரே இன்னொன்று. அவர் டிஃபெண்டர், கோல் போடுவது அவர் வேலையே இல்லை. எக்ஸ்ட்ரா டைமின் கடைசி நிமிஷம், 120வது, ஜோடி ஜோன்ஸ் அடித்த பந்து உள்ளே போனது. என் கண்ணாடி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அடுத்த நாள் ஷிஃப்டுக்குப் பழைய கண்ணாடியோடு போனேன்.

மே 13, வெம்ப்ளி. பஸ்ஸில் தாத்தா சாண்ட்விச்சைப் பிரிக்கவே இல்லை. ஆறு நிமிஷத்துக்குள் செஸ்டர்ஃபீல்டுக்குப் பெனால்ட்டி, கோல். 87வது நிமிஷத்தில் பாஸ்டாக் மறுபடி ஒரு ஃப்ரீ கிக், 1-1. எக்ஸ்ட்ரா டைமில் மறுபடி பின்தங்கி, ரூபென் ரோட்ரிகஸ் சமன் செய்தார். 2-2. பெனால்ட்டி உதைகளுக்குச் சற்று முன்னால் வில்லியம்ஸ் கோல்கீப்பரையே மாற்றினார். அதுவரை கோலில் நின்ற சாம் ஸ்லோகோம்ப் வெளியே, ஆர்ச்சி மேர் உள்ளே. தாத்தா, "கிறுக்கன்," என்றார். அந்தப் பையன் இரண்டைத் தடுத்தான்.

இவ்வளவும் தாத்தா பார்த்ததாகச் சொல்ல முடியாது. உதைகள் தொடங்கியதுமே எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி, படிக்கட்டைப் பார்த்து நின்றுகொண்டார். ஒவ்வொரு உதைக்கும் முன்னால், "யார்?" என்று மட்டும் கேட்பார். நான் பெயரைச் சொல்வேன். இது போனால் ஜெயிப்பு என்ற நிலை வந்தது. நடுக்கோட்டிலிருந்து ஒருவர் நடந்து வந்தார். நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"யார்?"

"தெரியல, தாத்தா. கண்ணாடி பழசு."

ஸ்காட் பந்தை வைத்தார். பின்னால் போனார். எனக்கு டிவியில் பார்த்த அந்த ரெக்ஸம் பெனால்ட்டிதான் கண் முன்னால். அடித்தார், வலை ஆடியது. எங்கள் பக்கம் மொத்தமும் ஒரே அலறல். தாத்தா அப்போதும் திரும்பவில்லை. கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்லு டக், யார்?" என்றார். சொன்னேன். அந்த ஒரு பெயருக்குத்தான் அழுதார். கிளப் மேலே போனதற்கு அல்ல.

ராத்திரி பஸ்ஸில் சாண்ட்விச்சைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்தார். காலையில் பால் வாங்கப் போகிற வழியில் அவர் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். தாள் அங்கேயேதான் இருந்தது. பிளே ஆஃபுக்குப் புள்ளி கிடையாது இல்லையா, அதனால் 107க்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.