செம்பரம்பாக்கத்த மட்டும் பாத்துட்டு இருந்தா போதாது

மழை வலுத்தா போதும், எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி, எவ்ளோ கனஅடி தொறந்திருக்காங்க, இதே பேச்சுதான். 2015 டிசம்பர்ல 29 ஆயிரம் கனஅடி தொறந்தாங்கல்ல, அந்த பயம் இன்னும் போகல. நியாயமான பயம்தான். ஆனா தாம்பரத்த ஒட்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருக்குற நம்மள மாதிரி ஆளுங்க ஒண்ணு கவனிக்கணும், செம்பரம்பாக்கம் உபரித் தண்ணி அடையாத்துல வந்து சேர்றதே திருநீர்மலை கிட்டதான், அதாவது நமக்குக் கீழ. நம்ம வாசலுக்கு வர்றது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிங்க நெரம்பி வழியிற தண்ணி. 2015ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டுச்சு, அதுக்கு முன்னாடி நவம்பர் முழுக்க பேஞ்சு ஏரியெல்லாம் ஏற்கனவே தளும்பிட்டு இருந்துச்சு, அப்புறம் அந்த தண்ணி எங்க போகும்? 2023 மிக்ஜாம் புயல் அப்போ செம்பரம்பாக்கத்துல 2015 அளவுக்குத் தொறக்கவே இல்ல, அப்பவும் நாம முழுகினோம்.

ஏரிக்கு வெறும் கலங்கல், அதாவது உபரித் தண்ணி வழியிற தடுப்புச் சுவர் மட்டும் இருந்தா, ஏரி நெரம்புனா தானா வழியும், அவ்ளோதான், புயல் வருதுன்னு ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சாலும் தண்ணிய எறக்கி வைக்க முடியாது. ஆயக்கட்டு வயலெல்லாம், அதாவது ஏரித் தண்ணில பாசனமான வயலெல்லாம், பிளாட்டா மாறிப்போன ஏரிக்கு ஷட்டர் வச்சு, மழைக்கு முன்னாடியே கொஞ்சம் காலி பண்ணி வைக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்சு உருப்படியான வழி. ஆத்த அகலப்படுத்துனது, மூடு கால்வாய் போட்டது எல்லாம் நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா கீழ பட்டினப்பாக்கம் முகத்துவாரத்துல மணல் மேடு சேந்துடும், பொக்லைன் வச்சு வெட்டி விட விட அலை திரும்ப கொண்டாந்து போடும், கடல் ஏத்தமா இருக்குற நேரத்துல வெள்ளம் வந்தா கடல் தண்ணிய வாங்காது, கோட்டூர்புரம் பக்கமெல்லாம் வடியவே நேரமாகும். அதனால மேலயே புடிச்சு நிறுத்தி நிதானமா விடணும்.

இன்னொரு விஷயம் மனசு கஷ்டமாவே இருக்கு. புதுசா வீடு கட்டுறவங்க ரோட்டுக்கு மேல நாலு அடி கிராவல் கொட்டி ஒசத்துறாங்க, பழைய வீட்டுக்காரங்க கடன் வாங்கி ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குறாங்க, ரெண்டுக்கும் வசதி இல்லாத வீட்டுக்குள்ள இப்ப முன்னவிட சீக்கிரமா தண்ணி ஏறுது. யாரையும் குத்தம் சொல்ல முடியல, அவங்கவங்க புள்ளகுட்டிய அவங்கவங்க காப்பாத்தணும்.

இங்க மனை வாங்கப் போறீங்கன்னா பட்டா, வில்லங்கம் மட்டும் பாக்காதீங்க, கிராம வரைபடத்துல அந்த சர்வே நம்பர் பக்கத்துல ஓடை, வாய்க்கால் போகுதான்னு பாருங்க, அப்படியே தெருவுல பழைய வீட்டு காம்பவுண்ட் சுவத்துல தண்ணிக் கறை எந்த உயரத்துல இருக்குன்னும் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.