வாத்தியாருக்குப் பின்னால் நிற்காதீர்கள்

மகளின் பள்ளியில் வாரம் ஒரு பீரியட் 'வேல்யூ எஜுகேஷன்' என்று டைம்டேபிளில் இருக்கும். பரீட்சை நெருங்கினால் அதைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததில்லை. இந்த வருஷம் வந்த புது டீச்சருக்கு என்ன தோன்றியதோ, ஜீவகாருண்யத்தைப் புத்தகத்தில் படித்தது போதும் என்று ஏழாம் வகுப்பை மொத்தமாகச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு விலங்குகள் காப்பகத்துக்குக் கூட்டிப்போக முடிவு செய்துவிட்டார். துணைக்குப் பெற்றோர் வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு மறைய, நான் மாட்டினேன்.

வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அபார்ட்மெண்ட் குழுவில் ஒரு வரி போட்டேன். சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. தீபாவளிக்கு வந்து யாரும் பிரிக்காத சாக்லேட் டப்பாக்கள். பூஜைக்கு வாங்கி மீந்த திராட்சை. கண்ணாடி உடைந்த ஹெல்மெட். யாரோ ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு. மூன்றாவது மாடி மாமி ஒரு தூக்கு நிறையச் சின்ன வெங்காய சாம்பார் கொண்டுவந்து, "நாய்க்குன்னு காரம் கம்மியாத்தான் போட்டிருக்கேன்" என்றார். இரண்டாவது மாடி ஆடிட்டர் மாமா ஒரு கட்டு பழைய டை கொடுத்துவிட்டு, "எய்ட்டி ஜி ரசீது மறந்துடாதேம்மா" என்றார். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கேட்கக் காட்டும் ரசீது அது.

மயிலுக்குக் குளிருமே என்று போர்வையைக் கழற்றிக் கொடுத்த பேகனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்கிறோம். போர்வை வேணுமா என்று அவனும் மயிலைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அவன் கொடுத்தது நல்ல போர்வை.

காப்பகத்தில் பொறுப்பாக இருந்த அக்கா எங்கள் மூட்டைகளைப் பிரித்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! சாக்லேட் நாய்க்கு விஷம், தனியே போனது. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதுவும் போனது. தூக்கைத் திறந்து மோந்து பார்த்தார். "வெங்காயமா? நாய்க்கு ரத்தமே கெட்டுப்போயிடும். எங்க பசங்க சாப்பிடுவாங்க, சமையலறைல வைங்க." சரி, யாரோ கொடுத்த பினாயிலாவது தப்பிக்கும் என்று பார்த்தால், அதையும் ஓரமாக வைத்தார். பூனை தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குமாம், பினாயில் வயிற்றுக்குள் போய்விடுமாம். கடைசியில் அவர் முகம் மலர்ந்தது, சாமான்களைச் சுற்றி எடுத்துப்போன பழைய செய்தித்தாளையும் கோணிச் சாக்கையும் பார்த்துத்தான்.

பள்ளியிலிருந்து வந்திருந்த பி.டி. சார் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தினார். மாணவர் தலைவி குறிப்பு அட்டையைப் பார்த்து, கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்ததையும், அதன் தொடர்ச்சியாக 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்ததையும் நன்றாகவே பேசினாள். பாதிப் பேச்சில் அக்கா குறுக்கே கத்தினார்:

"வாத்தியாருக்குப் பின்னாடி யாரும் நிக்காதீங்க! உதைப்பாரு!"

மொத்த வகுப்பும் பி.டி. சாரைப் பார்த்தது. பின்வரிசைப் பையன்கள் இரண்டடி நகர்ந்தே விட்டார்கள். சார் பாவம், "நான் எப்போப்பா உதைச்சேன்?" என்றார். அவருக்கு இடது பக்கம் ஒரு கழுதை நின்றுகொண்டிருந்தது. செங்கல் சுமந்து முதுகெல்லாம் புண்ணாகி வந்ததாம். எந்நேரமும் எதையோ யோசித்தபடி நிற்பதால் 'வாத்தியார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேர் பின்னால் நிற்கும் ஆள் கழுதைக்குத் தெரியாது, பக்கவாட்டில்தான் வர வேண்டும். பயந்தால் உடனே ஓடாது, அப்படியே நின்றுவிடும். அதைத்தான் நாம் அடம் என்கிறோம் என்றார் அக்கா. அன்று முழுக்க யாரும் சாருக்குப் பின்னால் போகவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

செல்ஃபி ஆசையில் கையை நீட்டிக்கொண்டு ஓடிய கூட்டத்தை அக்கா ஒரே வார்த்தையில் உட்கார வைத்தார். முதல் பாடம் தொடாமல் இருப்பது. நாயை உற்றுப் பார்க்கக் கூடாது, உடம்பைச் சற்றுத் திருப்பி உட்கார வேண்டும், அதுவாக வந்து மோந்து பார்த்தால் சரி, வராவிட்டால் அதன் இஷ்டம். வகுப்பிலேயே பெரிய வால் என்று பெயரெடுத்த ஒரு பையன், பின்னங்கால் ஒன்று இல்லாத செவலை நாயின் பக்கத்தில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தான். அது வந்து அவன் ஷூ லேஸைப் பிரித்தது. அப்புறம் மறு காலுக்குப் போய் அதையும் பிரித்தது. அவன் அசையவே இல்லை. "இவன் இவ்ளோ நேரம் உக்காந்து நான் பார்த்ததே இல்ல மேடம்" என்று டீச்சர் என் காதில் சொன்னார்.

அதற்கப்புறம் சாணி. ஆளுக்கொரு முறம், ஒரு துடைப்பம். வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காத என் மகள் மாட்டுத் தொழுவத்தைப் பெருக்கி அள்ளியதை வீடியோ எடுத்து அவள் அப்பாவுக்கு அனுப்பினேன். "யாரு இந்தப் பொண்ணு?" என்று பதில் வந்தது.

ஊர் திரும்பியதும் எங்களுக்குப் பாடம் ஆரம்பித்தது. எங்கள் கேட்டருகே படுத்திருக்கும் தெருநாய் கருப்பனைத் துரத்த வேண்டும் என்று செக்ரட்டரி பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அவரைக் கீழே கூட்டிப்போய், "காது நுனியில வெட்டு இருக்கு பாருங்க அங்கிள். குடும்பக் கட்டுப்பாடு முடிஞ்சுது, வெறிநாய்க்கடி ஊசியும் போட்டிருப்பாங்க. பிடிச்ச இடத்துலயே விடணும்னு 2023 நாய்க் கருத்தடை ரூல்ஸ்ல இருக்கு. இவனை விரட்டினா ஊசி போடாத வேற நாய் வந்து உக்காரும்" என்றாள். செக்ரட்டரி குனிந்து காதைப் பார்த்தார். கருப்பன் அவரைப் பார்த்தான். "உத்துப் பார்க்காதீங்க அங்கிள், திரும்பி உக்காருங்க" என்று அடுத்த உத்தரவு. வேட்டியை மடித்துக் கட்டியிருந்த மனிதர் அப்படியே திரும்பி உட்கார்ந்தார். மாடியிலிருந்து மாமி, "என்னாச்சு, இடுப்பு பிடிச்சுண்டுடுத்தா?" என்று கேட்டார்.

அந்த மூன்றுகால் செவலையின் மாதச் செலவை எங்கள் அபார்ட்மெண்டே ஏற்பது என்று முடிவானது. வசூலுக்கு மகள்தான் போனாள். ஆடிட்டர் மாமா, பொருளாகக் கொடுத்த டைக்கு வரிச் சலுகை கிடையாது என்று தானே தெரிந்துகொண்ட சோகத்திலிருந்து மீண்டு, மொய் மாதிரி மங்களகரமாக 2001 ரூபாயை ரொக்கமாக எண்ணி நீட்டினார். அவள் நோட்டில் எழுதி முடிப்பதற்குள் அவர் முகம் மாறியது. ரொக்கமாக 2000-த்தைத் தாண்டினால் எய்ட்டி ஜி இல்லையே!

"ஒரு நிமிஷம் கண்ணு" என்று அந்த ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டார்.