தூக்கிப் போடச் சொன்ன மடிக்கணினி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுச் சாமி அறைக்குப் பக்கத்து மேசையில்தான் அம்மாவின் மடிக்கணினி இருக்கும். 2015இல் வாங்கியது. தமிழ்ப்பள்ளியில் ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். பயிற்சித்தாள் எல்லாம் அதில்தான். தமிழில் தட்டெழுதும் முரசு அஞ்சல் மென்பொருளில் கடகடவென்று தட்டுவார். ஆனால் கணினி எழுந்தால்தானே? மாலையில் பட்டனை அழுத்திவிட்டு விளக்கேற்றப் போவார். சாம்பிராணி காட்டி முடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், "பழசாயிடுச்சு ஆண்ட்டி, புதுசு வாங்கிருங்க" என்றார்கள். அம்மா தலையாட்டிவிட்டார். எனக்கு மனசு வரவில்லை. எங்கே சுணங்குகிறது என்று பார்க்காமலே ஒரு பொருளைக் கைகழுவச் சொல்வது எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது.

அன்றிரவே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கணினியின் மூளையான சிபியூ 12 சதவீதம். தற்காலிக நினைவகமான 4 ஜிபி ரேமில் முக்கால்வாசி. கோப்புகள் இருக்கும் டிஸ்க் மட்டும் 100 சதவீதம். பத்து நிமிடமாகியும் இறங்கவில்லை. ஆள் அகப்பட்டுவிட்டது.

உள்ளே இருந்தது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க். எதைக் கேட்டாலும் அதன் படிக்கும் முனை, கோப்புகள் பதிந்த தட்டின் மேல் நகர்ந்து இடம் பிடிக்க வேண்டும், அப்புறம் வேண்டிய பகுதி சுழன்று கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். வினாடிக்கு நூறு தேடல் என்பதே அதற்குப் பெரிய பாடு. விண்டோஸோ கிளம்பும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைக் கேட்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே கிடையாது; அதே தேடலை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும். இந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாம்.

'கணினியை வேகமாக்கும்' மென்பொருள் இரண்டை யாரோ போட்டு வைத்திருந்தார்கள். முதல் வேலையாக நீக்கினேன். அவையே தொடக்கத்தில் ஓடி டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை எல்ஆர்டி ரயிலில் ஹங் துவா, அங்கிருந்து மோனோரயிலில் ஒரே ஒரு நிறுத்தம், இம்பி. கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் 480 ஜிபி எஸ்எஸ்டி 150 வெள்ளி (ரிங்கிட்), பழைய 4 ஜிபி ரேம் ஒன்று 50 வெள்ளி. ரேமுக்கு இரண்டு இடத்தில் ஒன்று காலி என்பதை டாஸ்க் மேனேஜரே காட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் படங்களையும் பயிற்சித்தாள்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்தேன். இதைச் செய்யாமல் யாரும் திருப்புளியைத் தொடாதீர்கள். பிறகு யூஎஸ்பி கேபிள் வழியாகப் பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க மூன்று மணி நேரம் ஆனது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தால், விசிறிக்கும் வெப்பம் வெளியேறும் தகடுகளுக்கும் நடுவே தூசி பஞ்சு மெத்தை மாதிரி அடைந்து கிடந்தது. நகத்தால் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக வந்தது. முகர்ந்து பார்த்தால் சாம்பிராணி வாசம். பத்து வருஷத்துப் புகை! சிபியூ சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் இதுவும் ஒரு காரணம்தான். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்தேன். டிஸ்க் மாற்ற நான்கு திருகாணி, அவ்வளவுதான்.

முன்பு வேலை தொடங்க 6 நிமிடம் 40 வினாடி. இப்போது 25 வினாடி. அம்மா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரியா மூடிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வேலை பாக்கி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது; இந்தச் சிபியூவை விண்டோஸ் 11 ஏற்காது. கூடுதல் ஓராண்டுப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன். அதற்குள் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டை ஒரு பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகம் பற்றிக் கவலையில்லை. அம்மாவின் விரலுக்குப் பழகிய விசைப்பலகை அதில் சரியாக வருகிறதா என்று அவரே உட்கார்ந்து தட்டிப் பார்க்கட்டும், அப்புறம் மாற்றலாம்.